காற்று எங்கே முடிகிறது? விண்வெளி ஏன் ஒருபோதும் காலியாக இருப்பதில்லை? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வளிமண்டலம் என்று பேச்செடுத்தாலே மாணவர்களும் பெற்றோரும் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். அவற்றை இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன். எல்லாவற்றுக்கும் ஒரே அளவுகோல்: ஒரு கன சென்டிமீட்டர், அதாவது பகடைக்காய் அளவுள்ள ஒரு பெட்டி. எவ்வளவு உயரத்துக்குப் போனாலும் அந்தப் பெட்டியை மூடி, உள்ளே எத்தனை அணுக்கள் சிக்கின என்று எண்ணுவோம். காலியா, இல்லையா என்ற வாக்குவாதத்தில் பாதி அந்த எண்ணிக்கையிலேயே தீர்ந்துவிடும்.

விண்வெளியில் காற்றே இல்லை என்றுதானே பள்ளியில் படித்தோம்?

மூச்சுவிடும் அளவுக்கு இல்லை என்பது சரி. ஒன்றுமே இல்லை என்பது தவறு. மெரினா கடற்கரையில் நின்று நம் பெட்டியை மூடினால் உள்ளே அகப்படுபவை ஏறத்தாழ இரண்டரை லட்சம் கோடி கோடி மூலக்கூறுகள். நூற்றுக்கு 78 நைட்ரஜன், 21 ஆக்சிஜன், மிச்சத்தில் பெரும்பங்கு ஆர்கான். உலகமே கவலைப்படும் கார்பன் டை ஆக்சைடு பத்தாயிரத்தில் நான்கு பங்கைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான்.

சர்வதேச விண்வெளி நிலையம் சுற்றிவரும் 400 கி.மீ. உயரத்தில் அதே பெட்டியை மூடினால் சுமார் 10 கோடி அணுக்கள். நிலா இருக்கும் தொலைவில், பூமிக்குச் சொந்தமான அணு ஐந்து பெட்டிகளுக்கு ஒன்று. எண்ணிக்கை மளமளவென்று சரிகிறது. ஆனால் பூஜ்யம் என்று எழுதும்படியான இடம் எங்கும் வருவதில்லை.

மேலே போகப் போகக் காற்று குறைகிறது என்று முதலில் எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

ஒரு மலையேற்றத்தில். 1640களில் இத்தாலியின் டாரிசெல்லி, ஒரு பக்கம் மூடிய கண்ணாடிக் குழாயில் பாதரசத்தை நிரப்பி, பாதரசத் தொட்டியில் தலைகீழாக நிறுத்தினார். பாதரசம் முழுவதும் இறங்கிவிடாமல் ஏறத்தாழ 76 செ.மீ. உயரத்தில் நின்றது. அதைத் தாங்கி நிறுத்துவது வெளிக்காற்றின் எடைதான் என்றார் அவர். அப்படியானால் மலை உச்சியில் தலைக்கு மேலே உள்ள காற்று குறைவு, பாதரசமும் இறங்கித்தானே நிற்க வேண்டும் என்று யோசித்தார் பிரான்ஸின் பாஸ்கல். அவருக்கு உடல்நிலை சரியில்லை. அதனால் மைத்துனர் பெரியேவிடம் வேலையை ஒப்படைத்தார்.

1648 செப்டம்பர் 19 அன்று பெரியே, பூய் தெ தோம் என்ற 1,465 மீட்டர் மலையில் குழாயும் பாதரசமுமாக ஏறினார். இதில் எனக்குப் பிடித்த பகுதி மலை உச்சி அல்ல. இன்னொரு குழாயை அடிவாரத்தில் ஒரு மடத்தின் தோட்டத்திலேயே நிறுத்தி, நாள் முழுக்க அதைக் கவனித்துக்கொண்டிருக்கும்படி ஒரு துறவியிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். உச்சியில் பாதரசம் எட்டு சென்டிமீட்டருக்கும் மேல் இறங்கியிருந்தது. தோட்டத்துக் குழாயில் அசைவே இல்லை. வானிலை மாறியதால் இறங்கியிருக்கும் என்று எவரும் மறுத்துப் பேச வழியில்லாமல் போயிற்று. சோதனை என்றால் இப்படிச் செய்ய வேண்டும்.

நம் ஊரில் இதைத் தெரிந்துகொள்ளப் பாதரசம் தேவையில்லை. ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் பருப்பு வேக நேரமாகிறது. தொட்டபெட்டா உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான்.

சரி, வளிமண்டலம் எத்தனையாவது கிலோமீட்டரில் முடிகிறது?

முடிவதில்லை, மெலிகிறது. ஏறத்தாழ ஐந்தரை கிலோமீட்டருக்கு ஒருமுறை அழுத்தம் பாதியாகிறது. எனவே மொத்தக் காற்றில் பாதி முதல் ஐந்தரை கிலோமீட்டருக்குள்ளேயே அடங்கிவிடுகிறது, 16 கி.மீ.க்குள் நூற்றில் 90 பங்கு, 30 கி.மீ.க்குள் 99 பங்கு. மேலே உள்ள காற்று முழுவதையும் கடல்மட்ட அடர்த்திக்கு அழுத்திப் பரப்பினால் அதன் தடிமன் எட்டரை கிலோமீட்டருக்குள் நின்றுவிடும், எவரெஸ்ட்டின் தலை வெளியே தெரியும்.

பாதியின் பாதி, அதன் பாதி என்று போகும் கணக்குக்குக் கடைசி வரி கிடையாது. ‘எங்கே முடிகிறது’ என்று கேட்டால், எந்த வேலைக்காகக் கேட்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்பதுதான் நேர்மையான பதில். மூச்சுக்கு என்றால் 8 கி.மீ.க்கு மேலே மனித உடல் நாளடைவில் தாங்காது. விமானத்துக்கு வேறு, எரிகல்லுக்கு வேறு, செயற்கைக்கோளுக்கு வேறு.

அப்படியானால் 100 கி.மீ. என்ற எல்லையைப் போட்டது யார்?

மனிதர்கள்தான். ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய தியோடர் வான் கார்மனின் பெயரில் அதற்குக் கார்மன் கோடு என்று பெயர். உயரே போகப் போகக் காற்று மெலிவதால், இறக்கைகள் தாங்குவதற்கு விமானம் மேலும் மேலும் வேகமாகப் பறக்க வேண்டும். ஓர் உயரத்துக்கு மேல் அதற்குத் தேவையான வேகம் பூமியைச் சுற்றிவரும் வேகத்தையே எட்டிவிடும். அதற்குப் பிறகு இறக்கை எதற்கு? விமானவியல் அங்கே முடிகிறது, விண்வெளியியல் தொடங்குகிறது. கணக்கைக் கறாராகப் போட்டால் அந்த உயரம் 80 கி.மீ.யை ஒட்டியே வருகிறது. நினைவில் வைக்க வசதியாக 100 என்று முழு எண்ணாக்கிக்கொண்டது சர்வதேச வான்விளையாட்டுக் கூட்டமைப்பு. அமெரிக்க விமானப்படை 50 மைல், அதாவது 80 கி.மீ. தாண்டினாலே விண்வெளி வீரர் பட்டம் கொடுத்துவிடும்.

இந்த 20 கி.மீ. வித்தியாசம் 2021 ஜூலையில் கோடீஸ்வரர்களின் சண்டையானது. ரிச்சர்ட் பிரான்சன் 86 கி.மீ. வரை போய் வந்தார். ஒன்பது நாள் கழித்து ஜெஃப் பெசோஸ் 100 கி.மீ.யைத் தாண்டிப் போய் வந்தார். அவருடைய நிறுவனமோ, எங்களுடையதுதான் நட்சத்திரக்குறி போடத் தேவையில்லாத விண்வெளிப் பயணம் என்ற தொனியில் விளம்பரம் செய்தது. 86-க்கும் 100-க்கும் நடுவே காற்றில் எந்தச் சுவரும் இல்லை. தேர்வுத்தாளில் மட்டும் 100 கி.மீ. என்றே எழுதுங்கள், இல்லாவிட்டால் மதிப்பெண் போய்விடும்.

அடுக்குகளின் பெயர்களைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

கீழடுக்கு, மீள் அடுக்கு, இடையடுக்கு, வெப்ப அடுக்கு, வெளியடுக்கு. வெப்பநிலை குறைவதிலிருந்து கூடுவதற்கும் கூடுவதிலிருந்து குறைவதற்கும் திரும்பும் இடங்களை வைத்துப் பிரித்த பெயர்கள் இவை. மழையும் மேகமும் கீழடுக்கில். நம் பகுதியில் அது 16 முதல் 18 கி.மீ. வரை உயர்ந்திருக்கும், துருவங்களில் அதில் பாதிதான். ஓசோன் மீள் அடுக்கில். எரிகற்கள் பெரும்பாலும் இடையடுக்கில் எரிந்துபோகின்றன. மேல் இரண்டு அடுக்குகள்தான் இந்தப் பக்கத்தின் விஷயம்.

மேலே உள்ளதும் நாம் சுவாசிக்கும் அதே காற்றுதானா? மெலிந்திருக்கிறது, அவ்வளவுதானா?

சுமார் 100 கி.மீ. வரை அப்படித்தான். அதற்குக் கீழே கொந்தளிப்பு ஓயாமல் கலக்கிக்கொண்டே இருப்பதால், பெட்டியில் எண்ணிக்கை குறைந்தாலும் நைட்ரஜன்–ஆக்சிஜன் விகிதம் மாறுவதில்லை. அதற்கு மேலே கலக்க ஆளில்லை. ஒவ்வொரு வாயுவும் தன் எடைக்கு ஏற்ப தனித்தனியாகப் பிரிந்துகொள்கிறது. கனமானவை கீழே தங்க, 200 கி.மீ.க்கு மேலே ஒற்றை ஆக்சிஜன் அணுக்களின் ஆட்சி. அதற்கும் மேலே ஹீலியம், கடைசியில் ஹைட்ரஜன்.

இந்த மாற்றத்தைக் கண்ணாலேயே பார்க்க வழி உண்டு, அதில் நம் பகுதிக்கும் பங்கு இருக்கிறது. 1963 நவம்பர் 21 மாலை, திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா என்ற மீனவக் கிராமத்திலிருந்து இந்தியாவின் முதல் ஆய்வு ராக்கெட் கிளம்பியது. அமெரிக்காவில் செய்த நைக்–அப்பாச்சி ராக்கெட் அது. மேலே போய்ச் சோடியம் ஆவியை விட்டது. தரையில் இருட்டத் தொடங்கியிருந்தாலும் அந்த உயரத்தில் வெயில் இருந்தது. சோடியம் அந்த வெயிலில் ஆரஞ்சு நிறத்தில் ஒளிர, கேரளத்திலும் அண்டைத் தமிழ்நாட்டிலும் மக்கள் அண்ணாந்து பார்த்தார்கள். அந்த ராக்கெட் பணியில் இருந்த இளைஞர்களில் ராமேஸ்வரத்து அப்துல் கலாமும் ஒருவர்.

உலகெங்கும் இப்படி விடப்பட்ட ஆவித்தடங்களை உற்றுப் பார்த்தால் ஒன்று தெரியும். ஏறத்தாழ 105 கி.மீ.க்குக் கீழே உள்ள தடம் முடிச்சு முடிச்சாக, கலைந்து, சுருண்டு போகும். அதற்கு மேலே உள்ள தடம் கலையாமல் வழவழப்பாக அகன்றுகொண்டே போகும். கலக்கும் காற்று நிற்கும் உயரம் அதுதான். என்னைக் கேட்டால், கார்மன் கோட்டைவிட ‘இங்கே ஏதோ மாறுகிறது’ என்று சொல்லத் தகுதியுள்ள எல்லை இதுவே.

தும்பாவைத் தேர்ந்ததற்குக் காரணம் அதன் வழியாகப் போகும் காந்த நடுக்கோடு, அதாவது பூமியின் காந்தப்புலத்துக்கான நடுக்கோடு. அந்தக் கோட்டின் நேர் மேலே, சுமார் 105 கி.மீ. உயரத்தில், பகல் நேரத்தில் கிழக்கு நோக்கி ஒரு மின்னோட்டம் பாய்கிறது. காலியான இடத்தில் மின்சாரம் ஓடாது. இன்றும் திருநெல்வேலியில் உள்ள ஆய்வுக்கூடத்தில் அதைக் கவனித்து வருகிறார்கள்.

வெப்ப அடுக்கில் 1,000 டிகிரிக்கு மேல் என்கிறார்கள். விண்வெளி வீரர்கள் ஏன் வெந்துபோவதில்லை?

வெப்பநிலை என்பது ஒவ்வொரு அணுவும் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதன் அளவு. சுடுவதற்கு வேகம் மட்டும் போதாது, எண்ணிக்கையும் வேண்டும். பெட்டிக்கு 10 கோடி என்பது மெரினாக் கணக்கில் இருபத்தைந்தாயிரம் கோடியில் ஒரு பங்கு. அவை வந்து மோதித் தரும் சூடு பொருட்படுத்தும்படியாக இல்லை. அங்கே வீரரைச் சுடுவது நேரடி வெயில்; நிழலுக்குப் போனால் கடுங்குளிர்.

அவ்வளவு குறைவாக இருந்தால், அது இருந்தும் ஒன்றுதான் இல்லாவிட்டாலும் ஒன்றுதான், இல்லையா?

செயற்கைக்கோளை இயக்குபவர்களிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்!

விண்வெளி நிலையம் விநாடிக்கு 7.66 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. அந்த வேகத்தில் மெலிந்த காற்றும் பிடித்து இழுக்கும். மாதத்துக்கு ஏறத்தாழ 2 கி.மீ. வீதம் நிலையம் கீழே இறங்குகிறது. அவ்வப்போது எஞ்சினை இயக்கி மேலே தள்ளிவிடுகிறார்கள். தள்ளாமல் விட்டால் விழுந்துவிடும்.

ஸ்கைலாப் விழுந்ததும் இப்படித்தான். 1973-இல் நாசா ஏவிய 77 டன் ஆய்வுக்கூடம் அது. 1974-இல் கடைசி வீரர்கள் கிளம்பிய பிறகு சுமார் 430 கி.மீ. உயரத்தில் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. 1980களின் தொடக்கம் வரை தாங்கும், அதற்குள் புதிய விண்வெளி ஓடம் தயாராகிவிடும், மேலே தள்ளிவிடலாம் என்று கணக்குப் போட்டார்கள். சூரியன் அந்தக் கணக்கைக் கெடுத்தது. எதிர்பார்த்ததைவிட அதன் சீற்றம் அதிகமாகவே, மேல் வளிமண்டலம் சூடேறி உப்பியது, ஸ்கைலாப் சுற்றிய உயரத்தில் காற்றின் அடர்த்தி கூடியது, இழுவையும் கூடியது. விண்வெளி ஓடம் தரையைவிட்டுக் கிளம்பும் முன்பே, 1979 ஜூலை 11 அன்று ஸ்கைலாப் விழுந்தது. தலையில் விழுமோ என்ற பயம் இந்தியக் கிராமங்கள் வரை பரவியிருந்தது. துண்டுகள் விழுந்தது மேற்கு ஆஸ்திரேலியாவில். குப்பை போட்டதற்காக எஸ்பரன்ஸ் ஊராட்சி நாசாவுக்கு 400 டாலர் அபராதம் விதித்தது வேடிக்கையான பின்குறிப்பு.

2022 பிப்ரவரியிலும் இதே கதை. ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் 49-ஐ 210 கி.மீ. உயரத்தில் இறக்கிவிட்ட மறுநாள், சூரியனின் சீற்றம் பூமியின் காந்தப்புலத்தைக் குலுக்கும் காந்தப்புயல் ஒன்று வந்தது. அது பெரிய புயல்கூட இல்லை. இருந்தும் காற்று தடித்ததில் நாற்பது வரை எழும்ப முடியாமல் திரும்பி விழுந்து எரிந்தன.

இதையே உபாயமாகப் பயன்படுத்தவும் செய்யலாம். இஸ்ரோவின் கார்ட்டோசாட்-2, 2007-இல் ஏவப்பட்டு 635 கி.மீ. உயரத்தில் வேலை செய்தது. பணி முடிந்தபின் அப்படியே விட்டால் தானாக விழ 30 ஆண்டு ஆகும். மிச்சமிருந்த எரிபொருளைக் கொண்டு 2020-க்குள் அதை 380 கி.மீ. வரை இறக்கிவிட்டு, மீதியைக் காற்றிடம் ஒப்படைத்தார்கள். 2024 பிப்ரவரி 14 அன்று இந்தியப் பெருங்கடலுக்கு மேலே அது வளிமண்டலத்தில் நுழைந்தது. 635-க்கும் 380-க்கும் இடையிலான வித்தியாசம் 30 ஆண்டுக்கும் நாலைந்து ஆண்டுக்கும் உள்ள வித்தியாசம். காலியான இடத்தில் உயரத்துக்கு இப்படியொரு விலை இருக்காது.

இழுப்பதோடு நிற்பதில்லை, அரிக்கவும் செய்யும். 1984-இல் விண்வெளி ஓடம் ஒன்று பஸ் அளவுள்ள ஓர் உருளையைச் சுற்றுவட்டப்பாதையில் விட்டுவந்தது. விதவிதமான பிளாஸ்டிக், உலோகம், வண்ணப்பூச்சு மாதிரிகளை அதன் உடல் முழுக்கப் பதித்திருந்தார்கள். 1990 ஜனவரியில் திரும்ப எடுத்துவந்து பார்த்தால், பயணத் திசையை நோக்கியிருந்த முன்பக்கத்தில் பிளாஸ்டிக் படலங்கள் அரித்துத் தின்னப்பட்டிருந்தன. பின்பக்கத்தில் அவ்வளவாகச் சேதமில்லை. ஒற்றை ஆக்சிஜன் அணுக்களின் வேலை அது. முன்னும் பின்னும் உள்ள அந்த வித்தியாசம் ஒன்றே போதும், உருளை எதன் ஊடாகவோ போய்க்கொண்டிருந்தது என்பதற்கு.

விண்வெளி நிலையத்தில் மிதப்பது, அங்கே ஈர்ப்பு இல்லாததாலா?

இல்லை. 400 கி.மீ. உயரத்தில் புவியீர்ப்பு தரையில் இருப்பதில் 90 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. நிலையமும் ஆளும் ஒன்றாக விழுந்துகொண்டே சுற்றுவதால் மிதப்பதாகத் தெரிகிறது. காற்றுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

வெளியே வெற்றிடம் என்றால் அது நம் காற்றை உறிஞ்சிக்கொண்டு போயிருக்க வேண்டாமா?

வெற்றிடம் எதையும் உறிஞ்சாது. உறிஞ்சுகுழலில் இளநீர் ஏறுவதும் நாம் இழுப்பதால் அல்ல, வெளிக்காற்று தள்ளுவதால்தான். காற்றைப் பிடித்துவைத்திருப்பது பூமியின் ஈர்ப்பு. தப்பியோட விநாடிக்கு 11.2 கி.மீ. வேகம் வேண்டும்; நைட்ரஜனும் ஆக்சிஜனும் இங்கே விநாடிக்கு அரை கிலோமீட்டர் வேகத்தில்தான் ஓடுகின்றன.

ஹைட்ரஜன் கதை வேறு. மிக லேசானது; மேலே உள்ள சூட்டில் அதன் அணுக்களில் சில தப்பும் வேகத்தை எட்டிவிடுகின்றன. விநாடிக்கு ஏறத்தாழ 3 கிலோ ஹைட்ரஜன் பூமியைவிட்டு இப்படிப் போய்க்கொண்டிருக்கிறது. பயப்பட வேண்டியதில்லை; வளிமண்டலத்தின் மொத்த எடை ஏறத்தாழ ஐம்பது கோடி கோடி டன்.

நிலாகூட பூமியின் வளிமண்டலத்துக்குள்தான் இருக்கிறது என்கிறார்களே, உண்மையா?

எதை வளிமண்டலம் என்று ஒத்துக்கொள்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பூமியைச் சுற்றிப் பரந்துகிடக்கும் ஹைட்ரஜன் போர்வை புற ஊதா ஒளியில் மின்னும். 1972-இல் அப்போலோ 16 வீரர்கள், ஜார்ஜ் கரூதர்ஸ் வடிவமைத்த கேமராவை நிலாவில் நிறுத்தி அதைப் படமெடுத்தார்கள். அந்தப் போர்வைக்குள்ளேயே நின்றுகொண்டு எடுக்கிறோம் என்று அப்போது எவருக்கும் தெரியாது. சூரியனை ஆராயும் சோஹோ விண்கலம் 1990களில் எடுத்த அளவீடுகளை மறுபடி ஆராய்ந்து 2019-இல் வெளியிட்டார்கள்: போர்வை 6,30,000 கி.மீ. வரை, அதாவது நிலாவின் தொலைவைப்போல ஒன்றரை மடங்குக்கும் மேல் நீள்கிறது. 60,000 கி.மீ. தொலைவில் பெட்டிக்கு 70 அணுக்கள், நிலாவருகே 0.2.

இதைச் சொல்லி, மனிதன் இன்னும் வளிமண்டலத்தைத் தாண்டவேயில்லை என்று தலைப்புப் போட்டவர்கள் உண்டு. கணக்குப்படி சரி. ஆனால் ஐந்து பெட்டிக்கு ஓர் அணுவைக் காற்று என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை. நிலாவுக்கும் சொந்தமாக ஒரு மெல்லிய வாயு உறை உண்டு. சந்திரயான்-2-இன் கருவி ஒன்று அதில் ஆர்கான்-40 இருப்பதை அளந்து சொன்னது.

பூமியையும் நிலாவையும் விட்டு விலகிப் போனால்?

சூரியன் காத்திருக்கிறது. அதிலிருந்து புரோட்டான்களும் எலக்ட்ரான்களும் எல்லாத் திசையிலும் ஓயாமல் வீசிக்கொண்டிருக்கின்றன. பூமியின் தொலைவில் வேகம் விநாடிக்கு 400 கி.மீ. அளவில்; பெட்டிக்குச் சுமார் ஐந்து புரோட்டான்கள். இதற்குச் சூரியக் காற்று என்று பெயர்.

1950களில் பெரும்பாலோர் இதை நம்பவில்லை. வால்வெள்ளிகளின் வால் எப்போதும் சூரியனுக்கு எதிர்ப்பக்கமே நீண்டிருப்பதைப் பார்த்து, ஏதோ தள்ளுகிறது என்று ஜெர்மனியின் பியர்மான் சொல்லியிருந்தார். சிகாகோ பல்கலைக்கழகத்தின் இளம் விஞ்ஞானி யூஜின் பார்க்கர் அதற்குக் கணிதம் எழுதி, அஸ்ட்ரோபிசிக்கல் ஜர்னல் என்ற ஆய்விதழுக்கு அனுப்பினார். மதிப்பிட்ட இருவரும் வேண்டாம் என்றார்கள். இதழின் ஆசிரியர், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர். அவருக்கும் இந்தக் கருத்தில் நம்பிக்கை இல்லை. ஆனால் மதிப்பீட்டாளர்கள் கணக்கில் பிழை எதையும் காட்டவில்லை என்று பார்க்கர் சுட்டிக்காட்டினார். சந்திரசேகரும் பார்த்தார், பிழை இல்லை. தனக்கு உடன்பாடில்லாத கட்டுரையை 1958-இல் அச்சேற்றினார். 1962-இல் வெள்ளிக் கோளுக்குப் போன மாரினர் 2, வழிநெடுக அந்தக் காற்றை அளந்துகொண்டே போனது. இளம் வயதில் தன் கணக்கை ஏளனத்துக்கு உள்ளாக்கிய பெரியவர்களை சந்திரசேகர் பார்த்தவர். அந்த அனுபவம் இந்த முடிவில் இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

இன்று அதே காற்றை அளக்க நம்முடைய விண்கலமும் நிற்கிறது. 2023 செப்டம்பர் 2-இல் கிளம்பிய ஆதித்யா எல்-1, பூமியிலிருந்து 15 லட்சம் கி.மீ. தொலைவில் இருக்கிறது. அதன் கருவிகளில் சில, வரும் துகள்களை எண்ணுவதற்கென்றே உள்ளவை. ஏவப்பட்டபோது அதன் திட்ட இயக்குநராக இருந்த நிகர் ஷாஜி, செங்கோட்டைக்காரர்.

சூரியக் குடும்பத்தையும் தாண்டினால் காலிதானே?

மாறாக, எண்ணிக்கை கூடுகிறது. சூரியக் காற்று விரிய விரிய மெலிந்து, விண்மீன்களுக்கு இடையே உள்ள வாயுவின் மேல் முட்டி நிற்கிறது. வாயேஜர் 1 விண்கலம் அந்த எல்லையை 2012 ஆகஸ்ட்டில் கடந்தது. ஆனால் கடந்துவிட்டதா என்று உறுதிசெய்ய முடியாமல் ஓராண்டு இழுபறி. துகள்களை நேரடியாக அளக்கும் அதன் கருவி 1980-லேயே பழுதாகிவிட்டது. உதவிக்கு வந்தது சூரியனின் ஒரு வெடிப்பு. அதன் அதிர்வு 2013 ஏப்ரலில் வாயேஜரைச் சென்றடைந்து, சுற்றியிருந்த எலக்ட்ரான்களை ஊஞ்சலாட்டியது. ஆட்டத்தின் அதிர்வெண்ணை வைத்து அடர்த்தியைக் கணக்கிடலாம். பெட்டிக்கு 0.08 எலக்ட்ரான் என்று வந்தது. எல்லைக்கு உள்ளே இருந்ததைப்போல ஏறத்தாழ நாற்பது மடங்கு.

பால்வெளியில் சராசரி பெட்டிக்கு ஓர் அணு. விண்மீன்கள் பிறக்கும் கரிய மேகங்களில் ஆயிரக்கணக்கில், லட்சக்கணக்கில்கூட இருக்கும். படங்களில் திட்டுத்திட்டாகத் தெரியும் அந்த மேகங்களும், நம் ஆய்வகங்களில் உருவாக்கும் மிகச் சிறந்த வெற்றிடங்களோடு போட்டிபோடும் அளவுக்கு மெலிந்தவைதான். விண்மீன் மண்டலங்களுக்கு நடுவே போனால் பத்து லட்சம் பெட்டிகளைத் திறந்தாலும் ஓர் அணு கிடைப்பது சந்தேகம்.

விண்வெளியில் ஒலி கேட்காது என்பதாவது சரியா?

நம் காதுக்குக் கேட்காது. ஒலி பயணம் செய்ய அணுக்கள் ஒன்றையொன்று தட்டிவிட வேண்டும். அந்த மெலிவில் குறுகிய அலைகள் பிழைக்காது. மிக நீண்ட அலைகள் பிழைக்கும். சந்திரசேகரின் பெயர் தாங்கிய சந்திரா எக்ஸ்-கதிர் தொலைநோக்கி, பெர்சியஸ் விண்மீன் மண்டலக் கொத்தின் வாயுவில் அலை அலையாக வளையங்களைக் கண்டது. அழுத்தம் கூடிக் குறையும் அலை என்றால் அது ஒலிதான். ஓர் அதிர்வு முடிய ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டு. 2003-இல் இதை அறிவித்தவர்கள், பியானோவின் நடு ஸ்வரத்துக்கு 57 ஸ்தாயி கீழே என்று கணக்கிட்டார்கள். கச்சேரிக்குப் பொறுமை வேண்டும்.

உடை இல்லாமல் வெளியே போனால் உடல் வெடித்துவிடுமா?

சினிமாவில் வெடிக்கும், நிஜத்தில் வெடிக்காது. தோல் தாங்கும். 1966-இல் ஹூஸ்டனில் வெற்றிட அறையில் உடையைச் சோதித்துக்கொண்டிருந்த ஜிம் லெப்ளாங்கின் காற்றுக்குழாய் கழன்றுவிட்டது. 14 விநாடிகளில் மயங்கினார். நாக்கின் மேல் எச்சில் நுரைத்துக் கொதித்தது கடைசியாக நினைவில் இருப்பதாகப் பின்னர் சொன்னார். உடனே காற்றைத் திறந்துவிட்டதால் பெரிய பாதிப்பின்றிப் பிழைத்தார். 19 கி.மீ. உயரத்துக்கு மேலே போனாலே தண்ணீர் உடல் சூட்டில் கொதித்துவிடும்.

பெட்டியிலிருந்து கடைசி அணுவையும் எடுத்துவிட்டால்? அப்போதாவது காலி என்று ஒத்துக்கொள்வீர்களா?

மாட்டேன். பிரபஞ்சம் பிறந்தபோது எழுந்த வெளிச்சத்தின் மிச்சம் எங்கும் நிரம்பியிருக்கிறது. எந்த இடத்தில் பெட்டியை வைத்தாலும் அதன் ஒளித்துகள்கள் சுமார் 411 உள்ளே இருக்கும். பென்சியாஸும் வில்சனும் 1964-இல் தங்கள் ஆன்டெனாவின் இரைச்சலுக்குக் காரணம் தேடியபோது அகப்பட்டது இது. ஆன்டெனாவிலிருந்த புறா எச்சத்தைக்கூடச் சுரண்டிப் பார்த்தார்கள், இரைச்சல் போகவில்லை. சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோ என்ற நுண்துகள்களோ, பெட்டியின் ஒரு முகத்தை மட்டும் விநாடிக்கு 6,500 கோடி வீதம் துளைத்துக்கொண்டு போகின்றன. அவற்றைத் தடுக்கச் சுவர் கிடையாது.

அதையும் தடுத்துவிட்டதாக வைத்துக்கொண்டால் மிஞ்சுவது மின்காந்தப் புலம் போன்ற வெறும் புலங்கள். அவையும் அடங்கியிருப்பதில்லை என்கிறது குவாண்டம் இயற்பியல். வெற்றிடத்தில் இரண்டு உலோகத் தகடுகளை மிக நெருக்கமாக வைத்தால், புலங்களின் அந்தச் சலனத்தால் அவை ஒன்றையொன்று இழுக்கும் என்று 1948-இல் நெதர்லாந்தின் காசிமிர் கணக்கிட்டார். 1997-இல் அந்த விசையைத் துல்லியமாக அளந்தும்விட்டார்கள்.

இதில் எதையாவது கருவி இல்லாமல் நம் ஊரிலிருந்தே பார்க்க முடியுமா?

முடியும். கோள்களுக்கு இடையே வால்வெள்ளிகளும் சிறுகோள்களும் உதிர்த்த தூசி பரந்துகிடக்கிறது. அதன் மேல் வெயில் பட்டுச் சிதறும் வெளிச்சத்துக்கு ராசிவட்ட ஒளி என்று பெயர். பூமத்திய ரேகைக்கு அருகே இருக்கும் நமக்கு அது அடிவானத்திலிருந்து செங்குத்தாக எழுவதால், வடநாட்டாரைவிட நமக்கு வாய்ப்பு அதிகம்.

பிப்ரவரி, மார்ச் மாதங்களில் சூரியன் மறைந்து ஒன்றேகால் மணி நேரம் கழித்து மேற்கே பாருங்கள். செப்டம்பர், அக்டோபர் என்றால் விடியலுக்கு முன் கிழக்கே. அடியில் அகலமாக, மேலே குறுகிப்போகும் வெளிறிய கூம்பு. அந்தி வெளிச்சத்தின் மிச்சம் என்று ஏமாறுவது எளிது: அந்தி வெளிச்சம் அடிவானத்தோடு படுத்திருக்கும், இது நிமிர்ந்து நிற்கும். நகரத்திலிருந்து தெரியாது. காவலூர் தொலைநோக்கி இருக்கும் ஜவ்வாது மலைப் பகுதியைப்போல இருட்டான இடம் வேண்டும். நிலா உள்ள இரவில் போனால் அலைச்சல்தான் மிச்சம். அமாவாசையை ஒட்டிப் போங்கள்.